நான் விற்ற கமராவும் பதினொரு படங்களும்

எழுதத் தெரிந்தவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு எனக்கு ஒருநாளும் நல்ல புள்ளி வந்ததில்லை. நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூசுவேன். இருபத்திரண்டு வருசமாகப் படம் எடுக்கிற வேலையில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். கையில் கமரா இருந்தால் ஒருவரும் என்னைக் கதைக்கச் சொல்வதில்லை. இப்படிப்பட்டவள் எழுத வெளிக்கிடுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். வாயால் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்ட ஒரு விசயம் இருக்கிறது. அதை எழுதி வைக்காமல் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் சாமத்திய வீடுகளுக்கு, பெண்பிள்ளை பெரியவளான சடங்குக்கு. பிள்ளைக்குச் சேலை உடுத்தி அலங்காரம் செய்கிற அறைக்குள் ஆம்பிளைகள் நிற்க முடியாது. அதனால் யாழ்ப்பாணத்து நல்லூர், திருநெல்வேலிப் பக்கத்துத் தாய்மாருக்கு என்னைத் தெரியும். நாங்கள் வேதக்காரர். ஆகையால் தேவாலயக் கலியாணங்களும் எனக்கு வரும்.

நான் விற்ற கமரா ஏழு வருசம் என்னோடு இருந்தது. கறுப்பு, நல்ல பாரம். வலது தோள் நோகத் தொடங்கியபிறகு பாரம் குறைந்த ஒன்றை வாங்கிவிட்டு, அதை விற்க நினைத்தேன். அதற்கு முதல் நடந்த இரண்டு சின்னச் சம்பவங்களை இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஒரு சித்திரை மாதம், தேவாலய வாசலில் உச்சி வெயிலுக்குள் மாப்பிள்ளை வீட்டாரை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு படங்களில் கீழ்ப்பாதி முழுக்க ஊதாவும் சிவப்பும் கலந்த ஒரு நிறமாகிப் போனது. மேலே தலைகள் இருந்தன, கீழே ஆட்கள் இல்லை. படம் பதிகிற மெமரிக் காட் பழுது என்று நினைத்தேன். அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன். கமராவை நிற்பாட்டி, வேறு காட் போட்டு, மீண்டும் எடுத்தேன். சரியாக வந்தது. வீட்டுக்கு வந்து பழைய காட்டைக் கத்திரிக்கோலால் வெட்டி எறிந்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு சாமத்திய வீட்டில் ஒரேயொரு படம் அதேபோல வந்தது. அது புதுக் காட். நான் அந்தப் படத்தை அழித்தேன். பிறகு அதைப் பற்றி யோசிக்கவில்லை.

வாங்கியவர் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற ஒரு அண்ணை. பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த நேரமும் வாயில் வெற்றிலை, எந்த நேரமும் பகிடி. ஓய்வுக்குப் பிறகு கோயில் திருவிழாவும் குருவிகளும் படம் எடுக்க ஆசை வந்துவிட்டது. நான் கமராவைக் கொண்டுபோய்க் கொடுத்த பின்னேரம் அவருடைய மனிசியும் விறாந்தையில் இருந்தா. நான் அவவை அக்கா என்று கூப்பிடுவேன்.

"உதிலை ஏதும் குறை இருக்கோ பிள்ளை?" என்று அண்ணை கேட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கைபிடி ரப்பர் கழன்று பசை வைத்து ஒட்டியது. திரையில் ஒரு கீறல். ஒரு பித்தான் இரண்டுதரம் அமத்தினால்தான் வேலை செய்யும். பற்றறி அரை நாள்தான் நிற்கும்.

"கமராவுக்கு உவ்வளவு குறை. வாங்கிற ஆளுக்கு அதைவிடக் கனக்க. பொருத்தம் நல்லாத்தான் இருக்கு," என்றா அக்கா.

எல்லோரும் சிரித்தோம். யன்னலுக்கு உள்ளே இருந்தும் ஒரு சிரிப்புக் கேட்டது. அது அண்ணையின் தங்கச்சி. புருசன் இல்லாதவ. இரண்டு வருசமாகப் புற்றுநோய், அந்த அறையில் கட்டிலோடு. அவவின் ஒரே மகள் பிரான்சில் இருக்கிறாள். அகதி வழக்கு முடியாததால் அந்த நாட்டை விட்டு வெளிக்கிட முடியாது. ஒன்பது வருசம் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் நேரில் காணவில்லை.

அண்ணை கமராவைத் தூக்கி யன்னலுக்கு நேரே பிடித்தார். "முதல் படம் உனக்குத்தான். இஞ்சாலை திரும்பு."

"மயிரும் இல்லை, பல்லும் மிதந்துபோச்சு. இப்ப என்னத்துக்கு? நான் செத்தாப் பிறகு எடுங்கோ அண்ணை. ஆடாமல் கிடப்பன், உங்களுக்கும் வசதி."

"உவளின்ரை வாயைப் பாத்தியளே பிள்ளை."

"உண்மையாத்தான் சொல்லுறன். அப்பவும் நீங்கள் மட்டும் எடுங்கோ. ஊராக்கள் போனிலை எடுத்து என்ரை மூஞ்சை உலகமெல்லாம் அனுப்பப்படாது."

எல்லாக் குறையும் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதியோடு நான் வீட்டுக்குப் போனேன். அந்த ஊதா நிறம் அன்றைக்கு என் நினைவுக்கு வரவில்லை என்று சொல்ல ஆசைதான். வந்தது. ரப்பரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வந்தது.

மூன்று மாதத்தில் அவ செத்துப்போனா. நானும் செத்தவீட்டுக்குப் போனேன். பந்தலுக்குள் பெண்களோடு கடைசி வரிசைப் பாயில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் கதைத்ததில் இருந்து ஒரு விசயம் தெரிந்தது. மகள் தாய்மாமனிடம் ஒரேயொரு காரியம் கேட்டிருக்கிறாள். "அம்மாவின்ரை முகத்தைக் கிட்டவா, வடிவா எடுத்து அனுப்புங்கோ மாமா. வேறை ஒண்டும் வேண்டாம்." தாய் சொன்னபடி, போன் வீடியோவில் நேரடியாகக் காட்டவும் வேண்டாம் என்று விட்டாள். தங்கச்சி சொன்னதை அண்ணையும் தட்டவில்லை. வந்தவர்களிடம் கைகூப்பி, "ஒருத்தரும் போனிலை எடுக்காதேங்கோ, நான் எடுக்கிறன்," என்று சொல்லிக்கொண்டு நின்றார். எல்லோரும் அவருடைய சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தார்கள். போன்கள் கைப்பைக்குள் கிடந்தன.

கொள்ளி வைக்கப் புருசன் பக்கத்துப் பெறாமகன் ஒருவர் இருந்தார். அதனால் அண்ணைக்குப் படம் எடுக்க முடிந்தது. காலமை தொடங்கி வந்த சனம், பந்தல், மாலைகள் எல்லாம் எடுத்தார். முகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார். கிரியை முடிந்து, பூ எல்லாம் வைத்து, பெட்டி மூடுவதற்கு முதல் ஆட்கள் கொஞ்சம் விலகி நிற்பார்கள், அப்போது எடுப்பது என்று நினைத்திருக்கிறார்.

குருக்கள் பாடப் பாட உரலில் மஞ்சள் போட்டுச் சுண்ணம் இடித்தார்கள். எங்கள் சபைச் செத்தவீடுகளில் இது இல்லை. பாட்டும் பிரசங்கமும்தான். உலக்கை விழும்போதெல்லாம் மெல்லிய மஞ்சள் தூள் எழும்பி, தகரக் கூரைக்குக் கீழே சரிந்து வந்த வெயிலில் மிதந்தது. அண்ணை உரலுக்கு மூன்றடி தள்ளிக் குந்தியிருந்து, லென்ஸைக் கழற்றினார். மாற்றிப் போடுகிற லென்ஸ் மடியில். மூடி பல்லுக்கு இடையில். கமரா வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணை, அதைக் கவிட்டுப் பிடியுங்கோ" என்ற சொல் எனக்குத் தொண்டைவரை வந்தது. அழுதுகொண்டிருக்கிற இத்தனை பெண்களைத் தாண்டி, கிரியை நடக்கும்போது ஒரு வேதக்காரி எழும்பிப் போய் என்ன கமராக் கதை என்று நினைப்பார்களோ என்று இருந்துவிட்டேன். தூசு போனாலும் பிறகு துடைக்கலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பெட்டி மூடுவதற்கு முதல் அவர் முகத்தைப் பதினொரு படம் எடுத்தார். நான் எண்ணவில்லை, பிறகுதான் தெரியும். வெயிலுக்குள் திரை தெரியாது. கண்ணாடியும் போடவில்லை. கண் நிறைந்திருந்தது. எடுத்தது என்ன என்று அவர் பார்க்கவில்லை.

இருபது நாளுக்குப் பிறகு போன் வந்தது.

"பிள்ளை, உங்கடை கமராவைப் பழுதாக்கிப் போட்டன். ஒருக்கா வரேலுமோ?" என்றார். கமராவை வாங்கி இவ்வளவு நாளாகியும் அவருக்கு அது உங்கடை கமராதான்.

நான் போனபோது லப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆள் பாதியாகிப் போயிருந்தார். ஏதோ ஒன்று வித்தியாசமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில்தான் பிடிபட்டது, வாயில் வெற்றிலை இல்லை.

பதினொரு படத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். மேற்பாதியில் மாலையும், பெட்டியின் மூடியும், ஒரு பெண்ணின் கையும் தெளிவாக இருந்தன. கீழ்ப்பாதி முழுக்க அந்த நிறம். நான் ஏற்கனவே இரண்டுதரம் கண்ட நிறம். குறுக்கே மெல்லிய கோடுகள். முகம் இருக்கவேண்டிய இடம் அதுதான். ஒரு படத்தில் மட்டும் நெற்றியும் அதில் பூசிய திருநீறும் தெரிந்தன, புருவத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதோடு எல்லாப் படத்திலும் நாலைந்து கறுப்புப் புள்ளிகள்.

"மஞ்சளோடை சுண்ணாம்பு பட்டா என்ன நிறம் வரும் பிள்ளை? ஆலாத்தித் தண்ணி பாத்திருப்பியள்தானே. உதே நிறம்." வலது கையின் சுட்டுவிரலை எனக்கு முன்னால் நீட்டினார். "வெத்திலை போட்ட கை. விரலிலை சுண்ணாம்பு. கழுவாமல் லென்ஸைக் கழட்டினன். உரலிலை இருந்து மஞ்சள் பறக்குது. ரெண்டும் உள்ளுக்கை போய்ச் சேந்திட்டுது."

நான் விரலைப் பார்த்தேன்.

"முப்பத்தைஞ்சு வருசம் நான் கத்தியும் விடாத வெத்திலை," என்று அக்கா குசினி வாசலில் நின்று சொன்னா. "இப்ப தொடுறேல்லை. சோறும் அரைவாசிதான். பாத்தால் எந்த நேரமும் கையைக் கழுவிக்கொண்டு நிக்கிறார்."

"பிரான்சிலை இருக்கிற மருமகள் என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

"படத்தைப் பாத்திட்டு, 'முகம் ஒண்டும் இல்லையோ மாமா' எண்டு கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னன். போனை வைச்சவள்தான். அதுக்குப் பிறகு எடுக்கிறாள் இல்லை. நான்தானே மற்றவையையும் எடுக்க விடேல்லை."

கமராவைத் தாங்கோ, பார்ப்பம் என்று வாங்கினேன். கதைக்கத் தெரியாதவளுக்கு வேலை செய்வது சுகம். வெள்ளை அடித்த பின்சுவரைப் படம் எடுத்தேன். மை சிந்தியதுபோல நாலு புள்ளிகள். கமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ஊதியால் உள்ளே காற்றடித்தேன். மீண்டும் எடுத்தேன். ஒரு புள்ளி மிஞ்சியது. அதையும் போக்கினேன். சுவர் சுத்தமாக வந்தது.

"ஊதா?" என்று அண்ணை கேட்டார்.

"இப்ப இல்லை. கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாப்பம்."

கமராவை நிற்பாட்டாமல் முற்றத்துக் கதிரையில் வெயில் படும்படி வைத்தேன். அண்ணை தண்ணி மோட்டரை நிற்பாட்டக் கிணற்றடிக்குப் போனார். அக்கா தேத்தண்ணி போடப் போனா. அரை மணித்தியாலத்துக்கு மேலே ஆகியிருக்கும். தொட்டுப் பார்த்தேன், கமரா காய்ச்சல்காரரின் உடம்புபோலச் சுட்டது. சுவரை எடுத்தேன். கீழ்ப்பாதி ஊதா.

பிறகு லென்ஸுக்கு மூடியைப் போட்டு ஒரு படம் எடுத்தேன். மூடி போட்டால் முழுக்கக் கறுப்பாகத்தான் வரவேண்டும். உள்ளே தூசு இருந்தாலும் தெரியாது, மஞ்சளும் சுண்ணாம்பும் இருந்தாலும் தெரியாது, வெளிச்சமே இல்லை. மேற்பாதி கறுப்பு. கீழ்ப்பாதி ஊதா.

செருப்புச் சத்தம் கேட்டது. நான் கமராவை நிற்பாட்டினேன்.

"என்ன பிள்ளை?"

"தூசு போயிட்டுது அண்ணை."

அது பொய் இல்லை. அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப கமரா நல்லம். உங்கடை பொருளிலை பிழை இல்லை. எல்லாம் என்ரை கையாலை வந்தது." என்னைச் சமாதானப்படுத்துவதுபோலச் சொன்னார். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். அந்தப் பதினொரு படத்தையும் ஒரு பென்டிரைவில் போட்டு வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து ஏதும் மீட்க முடியுமோ பார்க்கிறேன் என்று சொன்னேன்.

இரண்டு நாள் முயன்றேன். ஒன்றும் வரவில்லை. பிறகு டவுனில் கமரா திருத்துகிற ஒருவரிடம் பென்டிரைவைக் கொண்டுபோனேன். அவர் பெரிதாக்கிப் பார்த்தார்.

"படம் பதியிற சென்சராய் இருக்கலாம், அதுக்குப் பின்னாலை இருக்கிற சேர்க்கிட் போட்டாயும் இருக்கலாம். கழட்டிப் பாத்தால்தான் சொல்லலாம். சூடானால் வருகுதோ?"

"ஓம்."

"அப்ப தூசும் இல்லை, மஞ்சளும் இல்லை. கீழ்ப்பாதி பதியவே இல்லை அக்கா. பதியாததை என்னெண்டு எடுக்கிறது?" என்றார். பிறகு, "உது எவ்வளவு காலமா?" என்று கேட்டார்.

"ஒரு வருசம்," என்றேன்.

முன்பின் தெரியாத ஒருவரிடம்தான் அதை முதல்முதல் வாயால் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளின் கமராவை எடுத்தார்.

அதற்குப் பிறகும் நாலைந்து நாள் போக விட்டேன். காரணம் தேடிக்கொண்டிருந்தேன். சென்சர் என்று நிச்சயமாகத் தெரியாதே, தூசும் இருந்ததுதானே, சொன்னாலும் முகம் வரப்போவதில்லையே. எல்லாம் நியாயமான காரணங்கள்தான். இன்னொன்றும் இருந்தது, அதையும் எழுதுகிறேன். பழுதான கமராவைத் தெரிந்துகொண்டே விற்றவள் என்று சந்தையடியில் ஒரு கதை எழும்பினால், சாமத்திய வீட்டுக்கு என்னை யார் கூப்பிடுவார்கள்? ஆனால் கை கழுவப் போகும்போதெல்லாம் அவருடைய விரல்தான் எனக்கு முன்னால் நின்றது.

முப்பத்தோராம் நாளுக்கு முதல்நாள் பின்னேரம் போனேன். அடுத்த நாள் அந்தியேட்டிக் கிரியை. வீட்டுக்குள் சனம் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தது. அண்ணை கிணற்றடியில் தனியாக இருந்து செம்புகளுக்குப் புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அது மஞ்சள் இல்லை."

"என்ன பிள்ளை?"

"அந்த நிறம். மஞ்சளும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. கமராவுக்குள்ளை முந்தியே இருந்த பழுது. நான் ரெண்டுதரம் கண்டனான். உங்களுக்குச் சொல்லேல்லை."

செம்பு கையில் இருந்தபடி இருந்தது. "விக்கேக்கை தெரியுமோ?"

"ஓம்."

"அண்டைக்கு வந்து பாத்தியள். அப்பவும் தெரியுமோ?"

"ஓம்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தண்ணீர் அள்ளி அந்தச் செம்பைக் கழுவி, கவிழ்த்து வைத்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "செத்தவீட்டிலை பின்னுக்கு இருந்தியள். நான் எடுக்கிறதைப் பாத்துக்கொண்டுதானே இருந்தியள்," என்றார்.

அக்கா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. "ரப்பர் கழண்டதைச் சொன்னீர். கீறல் விழுந்ததைச் சொன்னீர். இதைச் சொல்ல மட்டும் உமக்கு வாய் வரேல்லையோ? இந்த மனிசன் ஒரு மாசமாத் தன்ரை கையைத் தானே வெறுத்துக்கொண்டு இருக்குது."

"காசைத் திருப்பித் தாறன் அக்கா."

"காசை ஆர் கேட்டது?"

அண்ணை கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "மருமகளுக்குச் சொல்லுங்கோ. நான் சொன்னா சாட்டுச் சொல்லுறன் எண்டு நினைப்பாள். அவள் எடுக்கமாட்டாள், குரலைப் பதிஞ்சு அனுப்புவம்."

போனை என் வாய்க்கு நேரே பிடித்தார். மூன்றுதரம் தொடங்கி நிறுத்தினேன். நாலாம்தரம் முழுக்கச் சொன்னேன். நான் யார், கமராவில் என்ன இருந்தது, எப்போதிருந்து எனக்குத் தெரியும், மாமாவில் ஒரு பிழையும் இல்லை. சொல்லி முடியும்போது மரக்கறி வெட்டிய சனத்தில் பாதி கிணற்றடிக்கு வந்துவிட்டது.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. அண்ணை எல்லோருக்கும் கேட்கப் போட்டார். சின்னக் குரல், அழுகை ஒன்றும் இல்லை.

"அன்ரி, சொன்னதுக்கு நன்றி. மாமாவிலை பிழை இல்லை எண்டு விளங்குது. எனக்கு ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. அம்மாவின்ரை முகம் ஒரு படத்திலையும் இல்லையோ? திருத்தி எடுக்கேலாதோ?"

அண்ணை போனை மீண்டும் என்னிடம் நீட்டினார்.

"இல்லைப் பிள்ளை," என்றேன். "ஏலாது."

அவள் கேட்டுவிட்டாள் என்று திரையில் தெரிந்தது. பதில் வரவில்லை. ஒரு பெண் வந்து பூசணிக்காய் போதாது என்று அக்காவிடம் சொன்னா. சனம் கலைந்து உள்ளே போனது.

அண்ணை உள்ளே போய்க் கமராவை ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வந்தார். சார்ஜர், வார், லென்ஸ் மூடி எல்லாம் இருந்தன. காசை எடுக்க நான் கைப்பையைத் திறந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"கொண்டு போங்கோ," என்றார். "இனி இதை ஒருத்தருக்கும் விக்காதேங்கோ."

படலைவரை அவர் வரவில்லை.

அடுத்த நாள் கீரிமலையில் அந்தியேட்டி நடந்தது. நான் போகவில்லை. படம் எடுக்க ஒருவரையும் கூப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.